படிப்புக்கு வயது வரம்பா?

நமது ஜனங்களுக்குள் இருந்து வருகிற மூட நம்பிக்கைகளில் சாமி, பேய், சகுனம், சோதிடம் முதலியவைகளைப் பற்றி அநேகர் அநேக தடவை பேசியும் எழுதியும் வந்திருக்கிறார்கள். ஆனால் மூட நம்பிக்கை என்கிற பெயரே வாங்காமல், பெரியவர்களின் புத்திமதி போல வேஷம் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வீடு திண்ணையில் உட்கார்ந்திருக்கிற ஒன்றைப் பற்றி இவ்வாரம் எழுத ஆசைப்படுகிறோம். அதாவது, "படிக்கிற வயதில் படிக்கவில்லை, இனிமேல் என்ன படிப்பு வேண்டிக் கிடக்கிறது?" என்பதாகும்.

இந்த வார்த்தையைச் சொல்லாத மாமியாரும் இல்லை, கேளாத மருமகளும் இல்லை. திருவண்ணாமலையில் தேரடி வீதியிலிருந்து பஸ் ஸ்டாண்டு வரையில் நடந்து பார்த்தால், எட்டாவதோடு நின்றவர்கள், ஒன்பதாவதில் நிறுத்தப்பட்டவர்கள், பத்தாவதில் கணக்கில் மட்டும் 31 மார்க்கு வாங்கி நாலு மார்க்கு குறைந்ததற்காக வாழ்நாள் முழுவதும் "பெயில்" என்று பெயர் வாங்கிக்கொண்டிருப்பவர்கள் ஆகிய இவர்களைத்தான் கடைக்குக் கடை பார்க்கலாம். பூக்கட்டுகிறவர், ஆட்டோ ஓட்டுகிறவர், ஓட்டலில் மாவாட்டுகிறவர், ஆரணியில் பட்டுத் தறியில் உட்கார்ந்திருப்பவர், செங்கத்திலிருந்தும் தண்டராம்பட்டிலிருந்தும் பெங்களூருக்குக் கட்டட வேலைக்கு மூட்டை கட்டுகிறவர் ஆகிய இவர்களில் யாரையாவது நிறுத்தி, "ஏன் ஐயா, அந்த ஒரு பாடத்தை எழுதி முடித்துவிடக் கூடாதா?" என்று கேட்டால், "அட போங்க, எனக்குப் பையன் பத்தாவது படிக்கிறான், நான் போய் எழுதுவதா?" என்று சிரிக்கிறார். அந்தச் சிரிப்பில் பாதி வெட்கம், பாதி ஆசை. நாமும் பள்ளிக்கூடத்தில் படித்ததைவிட டீக்கடைப் பத்திரிகையிலும் நூலகத்துப் பெஞ்சிலும் படித்ததே அதிகமானபடியால், அந்தச் சிரிப்பின் அர்த்தம் நமக்கு நன்றாகத் தெரியும்.

நிற்க, இந்த ஊரிலே வயது என்பது எதற்கு இடைஞ்சலாக இருக்கிறது, எதற்கு இடைஞ்சலாக இல்லை என்பதைச் சற்று யோசித்துப் பார்க்கலாம். பௌர்ணமிதோறும் மலையைச் சுற்றி 14 கிலோ மீட்டர் வெறுங்காலோடு நடக்கிறவர்களில் எழுபது வயதுக் கிழவிகள் எத்தனை பேர்! முட்டி வலி, சர்க்கரை, ரத்தக் கொதிப்பு எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு எட்டு லிங்கத்தையும் பார்த்துவிட்டுத்தான் அவர்கள் உட்காருகிறார்கள். அவர்களைப் பார்த்து, "நடக்கிற வயதில் நடக்கவில்லை, இனி எதற்கு?" என்று கேட்கிற ஒருவரையும் நாம் கண்டதில்லை. மலையைச் சுற்ற வயதில்லை. மொட்டை போட வயதில்லை. அறுபதில் மறுபடியும் தாலி கட்டிக்கொள்ள வயதில்லை. பக்கத்துத் தெருப் பள்ளிக்கூடத்துக்கு ஒரு நோட்டுப் புஸ்தகத்தோடு போவதற்கு மாத்திரம் வயது வந்து குறுக்கே நிற்கிறதென்றால், இதைவிடப் பெரிய வேடிக்கை வேறென்ன இருக்கிறது?

இந்த வயது வரம்பை யார் போட்டது என்று தேடிப் போனால், அது நேரே மனுதர்மத்தில் கொண்டுபோய் விடுகிறது. படிப்பைத் தொடங்கி வைக்கிற உபநயனத்தைப் பிராமணனுக்கு 8ஆம் வயதிலும், க்ஷத்திரியனுக்கு 11இலும், வைசியனுக்கு 12இலும் செய்ய வேண்டும் என்றும், அதிகமாய்ப் போனால் முறையே 16, 22, 24 வயதுக்குள் முடித்துவிட வேண்டும் என்றும் அதிலே விதித்திருக்கிறது. நாலாம் ஜாதிக்காரனுக்கோ வயது வரம்பே இல்லை. தாராள மனப்பான்மையால் என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். அவனுக்குப் படிப்பே இல்லாதபோது வயது எதற்கு? பெண்களுக்குக் கலியாணமே உபநயனம் என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். ஆகவே, "படிக்கிற வயது" என்று நாம் இன்று வாய் கூசாமல் சொல்லுகிற வார்த்தை, ஒரு காலத்தில் நம்மைப் படிக்கவே விடாதவர்கள் தங்கள் பிள்ளைகளுக்காகச் செய்துகொண்ட ஏற்பாடாகும். வரம்புக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் அந்த வரம்பைத் தாங்களே தூக்கிப் பிடிப்பதைத்தான் நம்மால் சகிக்க முடியவில்லை.

அந்த மனுதர்மம் எந்தக் காலத்துச் சங்கதி என்று சிலர் கேட்கலாம். வெகு தூரம் போக வேண்டியதில்லை. 1953ஆம் வருஷம் சென்னை மாகாணத்தில் ராஜாஜி மந்திரிசபை கொண்டுவந்த ஆரம்பக் கல்வித் திட்டத்தில், கிராமப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூட நேரத்தை 3 மணியாகக் குறைத்து, மீதி வேளையில் அவரவர் வீட்டுத் தொழிலைப் பழக வேண்டும் என்று ஏற்பாடு செய்தார்கள். குலக்கல்வித் திட்டம் என்று நாடே அதை எதிர்த்து, 1954இல் காமராசர் முதல் மந்திரியான பிறகு அது எடுபட்டது. அன்று ஆறேழு வயதுப் பிள்ளைகளாயிருந்து, பாதி நாள் படிப்பே போதும் என்று சர்க்காராலேயே சொல்லப்பட்டவர்கள் இன்று எண்பதை எட்டிக்கொண்டிருக்கிற தாத்தா பாட்டிகள். இவர்களைப் பார்த்து, "நீ ஏன் படிக்கிற வயதில் படிக்கவில்லை?" என்று கேட்க யாருக்கு யோக்கியதை இருக்கிறது?

இனி, திருவண்ணாமலைக்காரர்கள் சொல்லுகிற விசேஷமான சமாதானம் ஒன்று இருக்கிறது. "ரமணர் படித்தாரா? படிக்காமலே உலகமெல்லாம் தேடிவரவில்லையா?" என்பார்கள். அவர் பள்ளியை விட்ட கதையை அவரது பக்தர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். 1896 ஆகஸ்டில் மதுரை அமெரிக்கன் மிஷன் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த 16 வயதுப் பையன், ஆங்கில இலக்கணப் பாடத்தை மூன்று தரம் எழுதும்படியான தண்டனையைப் பாதியில் தூக்கிப் போட்டுவிட்டு, அண்ணனுடைய காலேஜ் சம்பளத்திற்கென்று வைத்திருந்த 5 ரூபாயில் 3 ரூபாயை எடுத்துக்கொண்டு ரயிலேறி, செப்டம்பர் 1ந் தேதி இவ்வூருக்கு வந்து சேர்ந்தார். சரி, அப்படியே இருக்கட்டும். இந்த ஊருக்கு வந்த பிறகு அவர் மலையாளமும் தெலுங்கும் சமஸ்கிருதமும் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டு, அவைகளில் பாட்டும் எழுதினார் என்று அதே புஸ்தகங்களில்தான் இருக்கிறது. பள்ளியை விட்டாரே ஒழியப் படிப்பை விடவில்லை. அன்றியும், பள்ளியை விட்டுத் திருவண்ணாமலைக்கு ரயிலேறிய ஒருவர் மகரிஷியானார் என்றால், திருவண்ணாமலையிலேயே பள்ளியை விட்ட ஆயிரக்கணக்கானவர்கள் என்ன ஆனார்கள் என்று பஸ் ஸ்டாண்டில் சுமை தூக்குகிறவர்களைக் கேட்டால் தெரியும். காமராசரைக் காட்டுகிறவர்களுக்கும் நமது பதில் இதுதான். பள்ளிப் படிப்பை முடிக்காத அந்த மனிதர், படிப்பு வேண்டாம் என்று சொல்லவில்லை. ஊர் ஊராகப் பள்ளிக்கூடம் திறந்தார், 1956இல் மத்தியானச் சோறும் போட்டார். இல்லாதவனுக்குத்தான் அதன் அருமை தெரிந்தது.

மற்றொரு கூட்டத்தார் தலையெழுத்து என்பார்கள். ஜாதகத்தில் வித்தியா ஸ்தானம் கெட்டுப் போயிருக்கிறதாம். தலையில் எழுதியதை இதுவரை ஒருவரும் வாசித்ததாக அத்தாட்சி கிடையாது. தாளில் எழுதியதைத்தான் வாத்தியார் வாசித்து மார்க்குப் போடுகிறார். 35 மார்க்கு வாங்கியவனுடைய ஜாதகத்தில் குரு எங்கே இருக்கிறார் என்று எந்தப் பரீட்சைக் கமிட்டியும் கேட்பதில்லை.

பெண்கள் விஷயத்துக்கு வருவோம். இதுதான் நாம் முக்கியமாய்ப் பேச வேண்டியது. 2011 ஜனக்கணக்கின்படி திருவண்ணாமலை ஜில்லாவில் எழுதப் படிக்கத் தெரிந்த ஆண்கள் நூற்றுக்கு 83 பேர். பெண்கள் 65 பேர். இந்த 18 பேர் வித்தியாசம் மூளையில் இருக்கிற வித்தியாசமல்ல. வயதுக்கு வந்தவுடன் மஞ்சள் நீராட்டுக்குப் பந்தல் போட்டு, ஊரைக் கூட்டி, பெண்ணை வீட்டுக்குள் உட்கார வைத்துப் பள்ளிக்கூடத்தை நிறுத்தியதால் வந்த வித்தியாசம். இந்த நிறுத்தத்தை உடைத்துக் காட்டிய ஒருவரை நமது ஜனங்கள் மறக்கக் கூடாது. புதுக்கோட்டையில் முத்துலட்சுமி என்ற பெண்ணை, வயது வந்த பிறகு பள்ளிக்கு அனுப்பக் கூடாது என்று உறவும் ஊரும் நிர்ப்பந்தித்தபோது, அவருடைய தகப்பனார் வீட்டிலேயே வைத்துப் பாடம் சொல்லிக்கொடுத்தார். 1902இல் அவர் தனியாகவே மெட்ரிகுலேஷன் பரீட்சைக்குப் போய்த் தேறினார். பின்பு ஆண்கள் காலேஜில் இடம் கேட்டு வாங்கி, டாக்டராகி, சட்டசபைக்கும் போய், பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக் கட்டுகிற வழக்கத்தை ஒழிக்க மசோதா கொண்டுவந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அவர்களே இவர். இவ்வளவுக்கும் வித்து எங்கே இருந்தது என்று பார்த்தால், பள்ளி வாசற்படி மிதிக்காமலே பரீட்சை எழுதலாம் என்கிற ஒரு வழி திறந்திருந்ததில் இருந்தது. இன்றைக்குத் "தனித்தேர்வர்" என்று நாம் சொல்லுகிறோமே, அதுதான் அது.

இவருக்காவது சிறு வயது, பக்கத்தில் படித்த தகப்பன். துர்காபாய் தேஷ்முக் விஷயம் அப்படியல்ல. ஆந்திர தேசத்தில் எட்டு வயதில் கலியாணம் செய்து வைக்கப்பட்டவர். பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவர். உப்புச் சத்தியாக்கிரகத்தில் சிறை சென்றவர். சிறையிலே, தங்கள்மேல் என்ன குற்றம் சாட்டப்பட்டது என்பதைக்கூடப் படித்துத் தெரிந்துகொள்ள முடியாமல் அடைபட்டுக் கிடந்த பெண்களைப் பார்த்தார். வெளியே வந்ததும், இருபது வயதுக்கு மேலே, இங்கிலீஷை அடியிலிருந்து கற்றுக்கொண்டு காசி சர்வகலாசாலையின் மெட்ரிகுலேஷன் பரீட்சையில் தேறி, மேலே பட்டமும் சட்டமும் படித்து வக்கீலானார். (காசிக்குப் போனால் பாவம் தீரும் என்பார்கள். காசியிலிருந்து உருப்படியாய் வந்த பலன் இந்த மெட்ரிகுலேஷன்தான் போலிருக்கிறது.) தாம் ஏறிய ஏணியை எட்டி உதைக்காமல், சென்னையில் ஆந்திர மகிளா சபையை வைத்து, தம்மைப்போல் படிப்பு நின்றுபோன பெண்களை அதே பரீட்சைக்குத் தயார் செய்தார். அந்த அனுபவத்தைக்கொண்டே மத்திய சமூகநல வாரியத்தின் மூலமாய் 1958இல் வயது வந்த பெண்களுக்குச் சுருக்கப் பாடத் திட்டம் ஒன்றும் ஏற்பட்டது. பல வருஷப் பாடத்தை இரண்டு வருஷத்தில் சொல்லிக்கொடுத்துப் பரீட்சைக்கு அனுப்புவது அதன் முறை. குழந்தை பெற்று, கஞ்சி காய்ச்சி, கடன் அடைத்து, உலகத்தைப் பார்த்த ஒரு பெண்ணுக்கு வட்டிக் கணக்கு சொல்லிக்கொடுக்கப் பத்து வயதுப் பையனுக்கு ஆகிற நாள் ஆகுமா? வட்டி கட்டிக்கொண்டிருப்பவளே அவள்தானே!

கேரளத்தைப் பார்த்தாவது நமக்கு ரோஷம் வர வேண்டாமா? ஆலப்புழை ஜில்லாவில் கார்த்தியாயினி அம்மா என்கிற மூதாட்டி, கோயில் வாசலைக் கூட்டிப் பெருக்கி வாழ்ந்தவர், 2018இல் தமது 96ஆம் வயதில் எழுத்தறிவுப் பரீட்சை எழுதி 100க்கு 98 மார்க்கு வாங்கினார். 2020இல் ராஷ்டிரபதி கையால் விருதும் பெற்று, 2023இல் காலமானார். அவரை நாம் மெச்சுவது ஒரு பக்கம் இருக்கட்டும். அங்கே அந்த அம்மாளுக்கு மேலே ஏறுவதற்குப் படிகள் போட்டு வைத்திருக்கிறார்கள் என்பதைத்தான் கவனிக்க வேண்டும். எழுத்தறிவுக்குப் பின் 4ஆம் வகுப்பு, அதன் பின் 7, பிறகு 10, பிறகு 12 என்று வயது வந்தவர்களுக்கென்றே சமநிலைப் படிப்புகளை மாநில எழுத்தறிவு இயக்கமே நடத்துகிறது. தையற்காரராயிருந்து சினிமா நடிகரான இந்திரன்ஸ், ராஷ்டிரிய விருது வாங்கிய பிற்பாடு, 2023இல் பத்தாவதில் சேரப் போனார். நாலாவதோடு நின்றவர் முதலில் ஏழாவது தேறி வர வேண்டும் என்றார்கள். பெரிய நடிகராயிற்றே என்று அவர்கள் விதியை வளைக்கவுமில்லை. இதென்ன அவமானம் என்று இவர் திரும்பிவிடவுமில்லை. ஏழாவது எழுதித் தேறினார்.

ஹரியானாவில் நாலு தடவைக்கு மேல் முதல் மந்திரி நாற்காலியில் உட்கார்ந்த ஓம் பிரகாஷ் சௌதாலா கதை இன்னும் வேடிக்கை. உபாத்தியாயர் நியமன ஊழலில் தண்டனை பெற்றுச் சிறைக்குப் போனவர், சிறையிலே தாமே மாணாக்கராகி, 2021இல் 86ஆம் வயதில் பத்தாவது இங்கிலீஷ் பரீட்சை எழுதி 88 மார்க்கு வாங்கினார். உபாத்தியாயர் உத்தியோகத்தில் ஊழல் செய்தவருக்குப் படிப்பின்மேல் வந்த ஆசை, ஊழல் ஏதும் செய்யாத நமது தோழர்களுக்கு வரக் கூடாதா?

மற்ற நாடுகளிலும் இது புதிதல்ல. இவ்வூரில் டேனிஷ் மிஷன் பள்ளியைத் தெரியாதவர் இல்லை. அந்த டென்மார்க்கில் 1844லேயே ரோடிங் என்ற ஊரில் வயது வந்த குடியானவர்களுக்கென்று பள்ளிக்கூடம் வைத்துவிட்டார்கள். ருஷியாவில் 1919 டிசம்பரில் போட்ட உத்தரவு 8 வயது முதல் 50 வயது வரை எழுத்தறியாத எல்லாரும் படிக்க வேண்டும் என்றதோடு நிற்காமல், படிக்கிற தொழிலாளிக்கு வேலை நேரத்தில் 2 மணியைக் கழித்து, கூலியைக் கழிக்காமல் கொடுக்க வேண்டும் என்றது. நமது நாட்டிலோ "படி, படி" என்று உபதேசம் செய்கிற முதலாளிகள் உண்டு. பரீட்சையன்று அரை நாள் சம்பளத்தோடு லீவு கொடுக்கிறவரைக் காட்டுங்கள் பார்க்கலாம். அமெரிக்காவில் 1942இல், யுத்தத்துக்குப் போய்ப் பள்ளிப் படிப்பு நின்றுபோன சிப்பாய்களுக்காகத் தனிப் பரீட்சையே ஏற்படுத்தினார்கள். வறுமையோடு யுத்தம் செய்யப் போய்ப் படிப்பு நின்றவர்கள் சிப்பாய்களுக்கு எந்த விதத்தில் குறைந்தவர்கள்?

சரி, வழி என்ன என்று கேட்கிற தோழர்களுக்கு விவரம் சொல்லுகிறோம். பள்ளிக்கூடமே போகாதவரானாலும் 12½ வயது நிறைந்திருந்தால் அரசுத் தேர்வுத் துறை நடத்துகிற 8ஆம் வகுப்புத் தனித்தேர்வை நேரே எழுதலாம். எட்டாவது தேறி, 14½ வயது நிறைந்தவர் பத்தாவது எழுதலாம். கீழ் வயதுதான் சொல்லியிருக்கிறதே தவிர மேல் வயது இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். மனுவுக்கு இருந்த மேல் வயது, தேர்வுத் துறைக்கு இல்லை! பத்தாவதில் பாடம் ஐந்து. பாடத்துக்கு 35 வந்தால் தேர்ச்சி. முன்பே சில பாடம் தேறியவர் விட்டுப்போனதை மாத்திரம் எழுதினால் போதும். ஆனால் ஒரு கண்ணி இருக்கிறது. புதிதாய் எழுதுகிறவர் விஞ்ஞானப் பாடத்தின் செய்முறைப் பயிற்சிக்கு முன்கூட்டியே பெயரைப் பதிவு செய்துகொள்ள வேண்டும். பரீட்சைக்குப் பணம் கட்டப் போகிற அன்றுதான் இது தெரிந்து, ஒரு வருஷத்தைத் தொலைத்துவிட்டு வருகிறவர்கள் அநேகர்.

இது கஷ்டம் என்பவர்களுக்குத் தேசியத் திறந்தநிலைப் பள்ளி என்று மத்திய சர்க்காரின் ஏற்பாடு ஒன்று 1989 முதல் இருக்கிறது. அங்கே 14 வயது நிறைந்தவர் யாரும் பத்தாவதில் சேரலாம். ஐந்து வருஷத்துக்குள் ஒன்பது தடவை வரை எழுதிக்கொள்ளலாம். பாடங்களைத் தாமே பொறுக்கிக்கொள்ளலாம். கணக்கு வேண்டாம் என்றால் விட்டுவிடலாம். எந்த வேலைக்காகப் படிக்கிறோமோ அந்த வேலைக்கு இந்தச் சர்ட்டிபிகேட்டைத் தடையில்லாமல் ஏற்றுக்கொள்ளுகிறார்களா என்று மட்டும் முன்னாலேயே கேட்டுக்கொண்டு சேருவது நல்லது.

பத்தாவது வந்து என்ன கிடைத்துவிடப் போகிறது என்று கேட்பவர்கள் ஒரு பாஸ்போர்ட்டைத் திறந்து பார்க்கட்டும். பத்தாவது தேறாதவர் வேறு விலக்கு எதுவும் இல்லாதபோது வாங்குவது ஈ.சி.ஆர். பாஸ்போர்ட். அதை வைத்துக்கொண்டு வளைகுடா நாட்டுக்கோ மலேசியாவுக்கோ கூலி வேலைக்குப் போக வேண்டுமானால் குடியேற்ற அதிகாரியிடம் தனி அனுமதி வாங்க வேண்டும். அந்த அனுமதியைக் காட்டியே தரகர் பணம் பிடுங்குவார். பத்தாவது தேறியவருக்கு அந்தத் தொல்லை இல்லை. கிராம நிர்வாக அலுவலர் முதல் குமாஸ்தா வரையில் குரூப் 4 பரீட்சைக்கு அடிப்படை யோக்கியதையும் இதே பத்தாவதுதான்.

இங்கே ஒரு எச்சரிக்கை. பத்தாவது, பன்னிரண்டாவதைத் தாண்டிக் குதித்து "நேரே டிகிரி" வாங்கித் தருகிறோம் என்று சுவர்தோறும் நோட்டீஸ் ஒட்டுகிறவர்களை நம்பாதீர்கள். அப்படித் திறந்தவெளிப் பல்கலைக்கழகத்தின் வழியாய்ப் பட்டம் வாங்கியவர்கள் ஒரு காலத்தில் ஏராளம். 2009இல் சுப்ரீம் கோர்ட்டு அண்ணாமலைப் பல்கலைக்கழக வழக்கில் (பெயரைப் பார்த்து நமதூர் என்று எண்ண வேண்டாம், அது சிதம்பரத்தில் இருப்பது) அடிப்படைப் படிப்பில்லாத மேற்பட்டத்தை ஒப்பவில்லை. அதே வருஷம் தமிழ்நாட்டுச் சர்க்காரும், பத்தாவது பன்னிரண்டாவது இல்லாத பட்டம் சர்க்கார் உத்தியோகத்துக்குச் செல்லாது என்று உத்தரவு போட்டது. பணத்தையும் வருஷங்களையும் செலவழித்து வாங்கிய பட்டத்தைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டிக்கொண்டவர்கள் நமது ஜில்லாவிலும் இருக்கிறார்கள். வரிசைப்படி வந்தால்தான் வாசல் திறக்கிறது.

ஆனால் வரிசைப்படி வந்தவனுக்காவது நியாயம் கிடைக்கிறதா? இதைக் கேட்பதற்காகவே இக்கட்டுரையை எழுதத் துணிந்தோம். தமிழ்நாட்டில் 2010ஆம் வருஷச் சட்டத்தின்படி, தமிழ் வழியில் படித்தவர்களுக்குச் சர்க்கார் உத்தியோகத்தில் நூற்றுக்கு 20 இடம் முன்னுரிமையாக ஒதுக்கப்பட்டிருக்கிறது. நல்ல சட்டம். 2020இல் அதைத் திருத்தி, பட்டப் படிப்பு மாத்திரமல்ல, பள்ளிப் படிப்பும் தமிழிலேயே இருந்திருக்க வேண்டும் என்றார்கள். அதையும் நாம் வரவேற்கிறோம். இங்கிலீஷ் கான்வெண்டில் படித்துவிட்டுக் கடைசியில் தபாலில் ஒரு தமிழ்ப் பட்டம் வாங்கிக்கொண்டு ஏழைப் பிள்ளையின் இடத்தைத் தட்டிப் பறிப்பதைத் தடுக்க அது வேண்டியதுதான். ஆனால் தேர்வாணையத்தின் அறிவிக்கைகளில் இன்னொரு வரியும் அச்சாகி வந்திருக்கிறது. பத்தாவதையோ பன்னிரண்டாவதையோ பட்டப் பரீட்சையையோ தனித்தேர்வராக எழுதியவருக்கு இந்த முன்னுரிமை கிடையாது என்பதே அந்த வரி.

இதன் அர்த்தம் என்ன? தறியில் உட்கார்ந்து, ராத்திரி பதினொரு மணிக்கு மேல் விளக்கடியில் தமிழ்ப் புஸ்தகத்தைப் படித்து, தமிழிலேயே ஐந்து பரீட்சையும் எழுதித் தேறின ஒரு பெண் "தமிழ் வழியில் படித்தவள்" ஆகமாட்டாள். அவளுக்குத் தமிழைத் தவிர வேறு வழியே இருந்ததில்லை. ஆயினும் அவள் தமிழ் வழியில்லையாம்! எந்தப் பள்ளிக்கூடத்திலும் சேர்ந்து படிக்காதவர் எந்த மொழியில் படித்தார் என்பதற்கு அத்தாட்சி யார் கொடுப்பது என்று சமாதானம் சொல்லப்படலாம். விடைத்தாளைவிட வேறென்ன அத்தாட்சி வேண்டும்? அவள் எந்த மொழியில் எழுதினாள் என்பது அவளைப் பரீட்சித்த சர்க்கார் இலாகாவுக்குத் தெரியாதா? அவள் எட்டாவது வரை படித்த ஊராட்சிப் பள்ளியின் பதிவேட்டில் இல்லையா? மோசடியைத் தடுக்கப் போட்ட வேலியைப் பயிரின்மேலேயே போட்டுவிட்டால், அதற்கு வேலி என்று பெயரா? தனித்தேர்வராக எழுதுகிறவர்கள் யார்? வீட்டில் சோறில்லாமல் நின்றவர்கள், கலியாணத்துக்காக நிறுத்தப்பட்டவர்கள், மாடு மேய்க்கவும் தம்பியைப் பார்த்துக்கொள்ளவும் அனுப்பப்பட்டவர்கள். தமிழ் வழிக்கு முன்னுரிமை என்று சட்டம் செய்ததே இப்பேர்ப்பட்டவர்களுக்காக அல்லவா? பத்தாவது வரை தமிழிலேயே எழுதிய தனித்தேர்வருக்கும் அந்த 20இல் பங்கு உண்டு என்று அந்த வரியைத் திருத்த வேண்டியது சர்க்காரின் கடமை. இதைச் சட்டசபையில் கேட்க வேண்டியது, தேர்தல் வந்தால் நமது வாசலில் கைகூப்பி நிற்கிறவர்களின் கடமை.

இரண்டாவதாக, இடம். சாயங்காலம் நாலரை மணிக்குப் பூட்டுப் போடுகிற சர்க்கார் பள்ளிக்கூடங்களில் விளக்கு இருக்கிறது, பெஞ்சு இருக்கிறது, கரும்பலகை இருக்கிறது. தாலுகாவுக்கு ஒரு பள்ளியைப் பொறுக்கியெடுத்து, வாரத்தில் மூன்று நாள் ராத்திரி 7 மணியிலிருந்து 9 மணி வரையில் திறந்து வைத்தால் ஆகாதா? 1855லேயே ஜோதிராவ் பூலே பூனாவில் தமது வீட்டிலேயே தொழிலாளிகளுக்கும் குடியானவர்களுக்கும் ராப் பள்ளிக்கூடம் நடத்தினார். அவரும் தகப்பனாரால் பள்ளியை விட்டு நிறுத்தப்பட்டு, கலியாணமும் ஆன பிறகு, 1841இல் மறுபடியும் போய்ச் சேர்ந்து படித்தவரே. எழுத்தறிவு இயக்கம் என்று சர்க்கார் நடத்துவதில் கையெழுத்துப் போடக் கற்றுக்கொண்ட ஒரு கிழவிக்கும், எட்டாவது பரீட்சைக்கும் நடுவே இருக்கிற தூரம் மிகப் பெரிது. கையெழுத்துப் போடத் தெரிந்தால் கடன் பத்திரத்தில் கைநாட்டுக்குப் பதில் கையெழுத்து, அவ்வளவுதான் லாபம். கேரளத்தார் போட்ட படிகளை நாம் போடுவதற்கு யார் தடை?

சர்க்கார் செய்கிற வரையில் நாம் சும்மா இருக்க வேண்டியதில்லை. திருவண்ணாமலை, செங்கம், போளூர், ஆரணி, கலசபாக்கம் முதலிய ஊர்களிலுள்ள தோழர்கள், தங்கள் தெருவில் எட்டாவதோடும் ஒன்பதாவதோடும் நின்றவர்கள், ஒரு பாடம் இரண்டு பாடம் விட்டுப்போனவர்கள் ஆகியவர்களின் பெயரை ஒரு நோட்டில் எழுதி வரவேண்டும். பெண்களின் பெயரை முதலில் எழுத வேண்டும். ஜவ்வாது மலைக் கிராமங்களுக்கு யாராவது ஏறிப் போய்க் கேட்டு வந்தால் மெத்த நலம். பழைய மார்க்கு லிஸ்ட்டையும், பள்ளி மாற்றுச் சான்றிதழையும் டிரங்குப் பெட்டியிலிருந்து தேடி எடுத்து வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். பாதிப் பேர் விண்ணப்பத்தை விடுவது அது கிடைக்காததாலேயே. படிப்பகத்தில் ஞாயிற்றுக்கிழமை காலையில் இடம் இருக்கிறது. தமிழுக்கும் சமூக அறிவியலுக்கும் சொல்லிக்கொடுக்க ஆள் சேர்ந்துவிட்டது. விஞ்ஞானத்துக்கு, ரிடையரான உபாத்தியாயர் ஒருவர் வருவதாகச் சொல்லியிருக்கிறார். கணக்குக்குத்தான் இன்னும் ஒருவரும் வாய் திறக்கவில்லை. கணக்கு நன்றாய்த் தெரிந்த தோழர் எவராவது இருந்தால், வயது எத்தனையானாலும் சரி, உடனே தெரிவிக்க வேண்டியது.